ஆலோசனை அறைக்குள் நடக்கும் வேலை

"என்ன செய்யணும்னு நீங்களே சொல்லிடுங்க." மனநல ஆலோசனைக்கு முதல்முறை வருகிறவர்களில் பலர் கேட்பது இதைத்தான். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் அவர் குடும்பத்துப் பெரியவரிடம் பேசியிருப்பார், ஜாதகத்தைக் காட்டியிருப்பார், நெஞ்சு படபடக்கிறது என்று ஈசிஜி எடுத்திருப்பார், தூக்கம் வரவில்லை என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கியிருப்பார். போன இடத்திலெல்லாம் ஏதோ ஒரு பதில் கிடைத்தது. இங்கே மட்டும் ஐம்பது நிமிடம் கேள்வியாகவே கேட்டுவிட்டு "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார்கள். "நாம சொன்னதையே நமக்குத் திருப்பிச் சொல்றாங்க, இதுக்கு எதுக்கு ஃபீஸ்" என்று அவர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஆலோசனையால் பயன்பெறக்கூடிய எத்தனையோ பேர் நழுவிப்போவது இந்த இடத்தில்தான். அந்த அறையில் என்ன வேலை நடக்கிறது, அதில் தன் பங்கு என்ன என்று யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்வதில்லை. காய்ச்சல் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டாலும் காய்ச்சல் இறங்கும். உளச்சிகிச்சையில் அப்படி நடக்காது. வேலையில் பெரும்பகுதி அறைக்கு வெளியே, வந்தவரின் வீட்டில், அவர் கையால் நடக்க வேண்டியது. முறை புரியாமல் அதைச் செய்ய முடியாது.

அறிவுரை ஏன் கிடைப்பதில்லை என்பதிலிருந்தே தொடங்கலாம். "வெளியே போ, நாலு பேரோட பழகு, அதையே நினைச்சுக்கிட்டிருக்காதே" என்பதெல்லாம் அவர் நூறு முறை கேட்டது. தெரியாததால் அவர் செய்யாமல் இல்லை, தெரிந்தும் முடியாமல் தவிக்கிறார். அந்த முடியாமை எந்த இடத்தில் தொடங்குகிறது, எதனால் நீடிக்கிறது என்று தேடுவதுதான் ஆலோசகரின் வேலை. இன்னொரு காரணமும் உண்டு. வேலையை விடுவதா, விவாகரத்து கேட்பதா என்பதை ஆலோசகர் முடிவு செய்தால், விளைவை அனுபவிக்கப்போகிறவர் முடிவில் பங்கில்லாதவர் ஆகிவிடுகிறார். அடுத்த முடிவுக்கும் அவர் அதே வாசலில் வந்து நிற்பார்.

உயிருக்கு ஆபத்து இருக்கும்போது மட்டும் இந்த விதி மாறும். தற்கொலை எண்ணம் உள்ளவரின் வீட்டில் பூச்சிமருந்தோ மாத்திரைக் குவியலோ இருந்தால், "இன்னிக்கு ராத்திரிக்குள்ள அதை வேற வீட்டுக்கு மாத்துங்க" என்று ஆலோசகர் நேரடியாகச் சொல்வார், குடும்பத்தில் ஒருவரை உடனே அழைப்பார். தற்கொலை உந்துதல் பெரும்பாலும் அலைபோல ஏறி இறங்குவது. அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்புகின்றன. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவான ஓர் இடத்தில் பூட்டிய பெட்டிகளில் வைக்கும் ஏற்பாடு சோதித்துப் பார்க்கப்பட்டது இந்த அடிப்படையில்தான். அந்த ஆய்வில் முன்னின்றவர் சென்னையில் தற்கொலைத் தடுப்புக்கான சிநேகா அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார்.

யார் யார், என்ன படித்தவர்கள்

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மனநோய்க்கு மருந்து வேண்டுமா, எது, எவ்வளவு என்று முடிவு செய்பவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் உளவியலில் முதுகலைக்குப் பிறகு, பெரும்பாலும் எம்.ஃபில். என்ற பெயரில், மருத்துவமனையோடு இணைந்த இரண்டாண்டுப் பயிற்சி பெற்று இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவர். உளவியல் சோதனைகளும் உளச்சிகிச்சையும் அவர் பொறுப்பு. மனநலச் சமூகப் பணியாளர் குடும்பம், வேலை, அரசு உதவி ஆகியவற்றோடு சேர்த்துப் பிரச்சினையைப் பார்ப்பவர்.

ஆலோசகர் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாண்டு முதுகலையும் பல நூறு மணிநேரப் பயிற்சியும் பெற்றவர் இருப்பார், சில வார இணையச் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பவரும் இருப்பார். பலகை மாட்டுவதற்கு நடைமுறையில் பெரிய தடை எதுவும் இல்லை. ஆகவே முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுவது நல்லது: என்ன படித்தீர்கள், யாருடைய மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள், என்னைப் போன்ற பிரச்சினையோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்களா, கட்டணம் எவ்வளவு, எத்தனை முறை வர வேண்டியிருக்கும். ஒழுங்காகப் பயிற்சி பெற்றவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே தகவல்.

ஆலோசனை (கவுன்சலிங்) வேறு, உளச்சிகிச்சை (சைக்கோதெரபி) வேறு என்று பாடநூல்கள் கோடு போடும். இப்போது எழுந்திருக்கும் ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்குச் சில அமர்வுகளில் உதவுவது முதலாவது. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் மனப்போக்கையோ உறவுச் சிக்கலையோ மாதக்கணக்கில் உட்கார்ந்து மாற்ற முயல்வது இரண்டாவது. நடைமுறையில் இந்தக் கோடு மங்கலானது. கவலைப்பட வேண்டியது பயிற்சியைப் பற்றித்தான்.

முதல் அமர்வு

முதல் அமர்வில் கேள்விகள் அதிகம். எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது, தூக்கம், பசி, எடை, குடி, புகை, ஏற்கெனவே எடுக்கும் மருந்துகள், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்று நீளும். சோர்வோடு வருகிறவரிடம் தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்வது வழக்கம். தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டக்கூடியவை. அவற்றை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசிப் பயனில்லை.

பல இடங்களில் ஒரு தாளில் ஒன்பது கேள்விகள் தருவார்கள். கடந்த 2 வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி, கவனம் நிற்கிறதா என்று. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டிய அளவு, இருபதைத் தொட்டால் கடுமை. ஒன்பதாவது கேள்வி சாக நினைத்ததுண்டா என்பது. அதைக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்ற பயம் குடும்பங்களில் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. நேராகக் கேட்கப்படும்போது பெரும்பாலானோருக்கு ஏற்படுவது நிம்மதி. கேட்காமல் விடுகிற ஆலோசகர் தன் கடமையில் தவறுகிறார்.

ரகசியத்தைப் பற்றியும் அன்றே பேசியாக வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. அந்த உரிமைக்கு எல்லைகளும் உண்டு. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டிவரும். 18 வயதுக்குட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் கொடுத்தே ஆக வேண்டும். தற்கொலைக்கு முயன்றதைச் சொன்னால் போலீஸ் வழக்கு வரும் என்று அஞ்சி மறைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதே 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படக் கூடாது என்கிறது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல், துணைக்கு வருகிறவர். மகனோடு அம்மா வருவார், மருமகளோடு மாமியார் வருவார். வந்தவர்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள். அவர்களைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "இனிமே நாங்க ரெண்டு பேரும் தனியா பேசறோம்மா" என்று வெளியே உட்காரச் சொல்லத் தெரியாத ஆலோசகரிடம் எந்த மருமகளும் வாய் திறக்க மாட்டாள்.

மனச்சோர்வுக்கு ஒரு தாள்

மனச்சோர்வில் நடப்பது இது. மனம் சோர்கிறது, செய்வது குறைகிறது. செய்வது குறைவதால் சிறு மகிழ்ச்சிகளும் சிறு வெற்றிகளும் நின்றுபோகின்றன, அதனால் மனம் இன்னும் சோர்கிறது. "மனசு சரியானதும் செய்யறேன்" என்று காத்திருப்பவர் இந்தச் சுழலுக்குள்ளேயே காத்திருக்கிறார். செயலைத் தொடங்கிவைத்து மனத்தைப் பின்னால் வரச் செய்வது ஒரு சிகிச்சை முறை. கேட்க எளிது, செய்யும்போது நுணுக்கம் நிறைய.

வேலை போய் ஆறு மாதமாக வீட்டில் இருக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் அவரை எதையும் மாற்றச் சொல்வதில்லை. மணிக்கு மணி என்ன செய்தார், அப்போது மனநிலை பத்துக்கு எவ்வளவு என்று மட்டும் குறிக்கச் சொல்வார்கள். "எல்லா நாளும் ஒரே மாதிரிதான் சார், எழுத ஒண்ணுமில்ல" என்பார். தாள் வேறு சொல்லும். காலை 7 முதல் 11 வரை படுக்கையில் போன்: 2. குளியல்: 3. தனியாக மதியச் சாப்பாடு: 2. மாலை அக்கா மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது: 5. இரவு பன்னிரண்டரை வரை ரீல்ஸ்: 1. ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் என்ன இருந்தது என்பதுதான் இரண்டாவது அமர்வின் பேச்சு. அந்த 5 என்ற மதிப்பெண் ஒரு வாரத்தில் எத்தனை முறை வர முடியும், போன் இல்லாமல் படுக்கைக்குப் போனால் காலை எத்தனை மணிக்கு எழ முடிகிறது என்று அடுத்த வாரம் சோதிப்பார்கள்.

திட்டம் சிறியதாகவும் துல்லியமாகவும் இருக்க வேண்டும். "தினமும் ஒரு மணி நேரம் வாக்கிங்" என்று எழுதினால் மூன்றாம் நாள் நின்றுவிடும். நின்றதே "என்னால எதுவும் முடியாது" என்பதற்குப் புதுச் சான்றாகிவிடும். "திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரைக்குத் தெருமுனை டீக்கடை வரை" என்பது நடக்கும். மழை பெய்தால் என்ன செய்வது, வழியில் தெரிந்தவர் "இப்ப எங்க வேலை" என்று கேட்டால் என்ன சொல்வது என்றும் முன்கூட்டியே பேசிவைப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பலர் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

இந்த முறை தவறிப்போகும் வழிகளும் தெரிந்தவைதான். கடமைகளை மட்டுமே நிரப்பி, பிடித்ததற்கு இடம் வைக்காமல் போவது ஒன்று. செய்தவுடன் மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்ப்பது இன்னொன்று. முதல் சில வாரங்களில் வருவது மகிழ்ச்சி அல்ல, நேற்றைவிடக் கொஞ்சம் குறைந்த கனம் மட்டுமே. மிக மோசமான தவறு ஆலோசகர் பக்கம் நடப்பது: எழுதிவரச் சொன்ன தாளை அடுத்த வாரம் கேட்க மறந்துவிடுவது. ஒருமுறை அப்படி ஆனால் அதன்பிறகு அவர் எழுத மாட்டார்.

இதற்கு நிபுணர்தான் வேண்டும் என்பதும் இல்லை. கோவாவில் சங்கத் அமைப்பு, மனநலப் படிப்பே இல்லாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6 முதல் 8 அமர்வுகள் இந்த முறையை நடத்தச் செய்தது. 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதத்தில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதத்தினர். மனநல மருத்துவர் எண்ணிக்கை போதாத நாட்டுக்கு இது பெரிய செய்தி. நம் கிராம சுகாதார நிலையங்களுக்கு இது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை என்பது வருத்தம்.

பீதியும் மின்சார ரயிலும்

பீதித் தாக்கத்தில் வேலை முற்றிலும் வேறு மாதிரி. திடீரென்று நெஞ்சு அடிக்கிறது. "ஹார்ட் அட்டாக்" என்ற எண்ணம் வருகிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்து, தலை சுற்றுகிறது. அது பயத்தை இன்னும் ஏற்றுகிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொட்டுத் தானாக இறங்கிவிடும். அதற்குள் அவர் ஓடிவிடுவதால், இறங்கும் என்பது அவருக்குத் தெரியாமலே போகிறது. தப்பித்ததால்தான் பிழைத்தேன் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்து அந்த இடம், பிறகு அதைப் போன்ற இடங்கள் எல்லாம் ஆபத்தாகின்றன.

முதலில் இதய நோய் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும், ஒருமுறை, ஒழுங்காக. அதன்பின் மாதாமாதம் ஈசிஜி எடுப்பது நோயை வளர்ப்பதாகவே முடியும்.

பிறகு அந்த உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பார்கள். ஒரு நிமிடம் படியேறி ஓடுவது, ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, நாற்காலியில் சுற்றுவது. ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம் உள்ளவர்களுக்கு இவை பொருந்தாது என்பதால் முன்பே கேட்டுக்கொள்வார்கள். அடுத்து வெளியே. கூட்டமான ரயிலுக்குப் பயப்படுகிறவர் என்றால் தாம்பரம் நடைமேடையில் கால் மணி நேரம் நிற்பதில் தொடங்கலாம். பிறகு சானடோரியம் வரை ஒரே ஒரு நிறுத்தம். பிறகு குரோம்பேட்டை. பிறகு கிண்டி வரை, கூட்டம் குறைந்த பதினொரு மணி வண்டியில். கடைசியில் காலை ஒன்பது மணி வண்டியில் கடற்கரை வரை. ஒவ்வொரு படியிலும் பயம் எவ்வளவு என்று எண்ணால் குறித்து, அது தானாகக் குறையும்வரையோ, "மயங்கி விழுவேன்" என்று எதிர்பார்த்தது நடக்கவில்லை என்று கண்ணால் பார்க்கும்வரையோ அங்கேயே இருக்க வேண்டும்.

பலர் படிகளையெல்லாம் ஏறியும் குணமாகாததற்குக் காரணம் கூடவே எடுத்துப்போகும் கைத்தடிகள். தண்ணீர் பாட்டில், கதவோரம் நிற்பது, மனைவி எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டே போவது, பையில் நாக்கடியில் வைக்கும் மாத்திரை. "பாட்டில் இருந்ததால தப்பிச்சேன்" என்றால் மூளை புதிதாக எதையும் கற்கவில்லை. மெதுவாக மூச்சு விடும் பயிற்சிகூட, பயத்தை அடக்கும் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்டால், இன்னொரு கைத்தடிதான். இதைக் கவனிக்காமல் மூச்சுப் பயிற்சியை மட்டும் சொல்லி அனுப்பும் இடங்கள் நிறைய. கைத்தடிகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு அதே பயணத்தை மறுபடி செய்யும்போதுதான் மாற்றம் நிலைக்கிறது.

கேட்பது என்ற வேலை

எல்லாத் துயரத்துக்கும் தாளும் படிக்கட்டும் பொருந்தாது. அம்மாவை இழந்த ஒரு பெண், "அம்மா போனதுக்கப்புறம் ஊருக்குப் போகவே பிடிக்கல மேடம்" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறவினர்கள் சொல்வது, "காலம் எல்லாத்தையும் ஆத்திடும்மா, அப்பாவுக்காக நீதான் தைரியமா இருக்கணும்." அன்பில் வருவதுதான், ஆனால் பேச்சு அங்கே முடிந்துவிடுகிறது. பயிற்சி பெற்றவர் கேட்பார்:

"ஊருக்குப் போனா என்ன ஆகுது?"

"வாசல்ல செருப்பு கழட்டும்போதே 'வந்துட்டியா'ன்னு குரல் வரும். இப்ப வராது."

"அந்தக் குரல் இல்லாத வீட்டுக்குள்ள நுழையணும்."

"ஆமா... கடைசியா அம்மா போன் பண்ணப்ப, ஆபீஸ்ல இருக்கேன்மா, அப்புறம் பேசறேன்னு வச்சுட்டேன்."

பிடிக்காததற்குப் பின்னால் இருந்த குற்ற உணர்வு வெளியே வந்துவிட்டது. இனி வேலை அதன்மேல் நடக்கும். ஆலோசகர் இங்கே செய்தது இரண்டு: பொதுவான சொல்லிலிருந்து ஒரு குறிப்பிட்ட கணத்துக்குக் கொண்டுபோனது, கேட்டதைத் தீர்ப்பில்லாமல் திருப்பிச் சொன்னது. நாம் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்கள் என்று புகாராகச் சொல்லப்படுவது இதுதான். சரியான இடத்தில் செய்யப்படும்போது அடுத்த வாக்கியம் தானாக வருகிறது, கிளிப்பிள்ளை போலச் செய்யப்பட்டால் எரிச்சல்தான் வரும். புரிந்துகொள்ளுதல், போலியின்மை, நிபந்தனையில்லாத மதிப்பு ஆகியவை மாற்றத்துக்கு அடிப்படை என்று அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1957இல் வாதிட்டார். அவை மட்டுமே போதுமா என்பதில் சச்சரவு இருக்கலாம், அவை பலனுக்குத் துணைநிற்கின்றன என்பதில் அதிகம் இல்லை.

துக்கத்தில் இருக்கும் எல்லாருக்கும் ஆலோசனை தேவை என்று சொல்ல வரவில்லை. பதினாறாம் நாள் காரியமும், வந்து உட்கார்ந்து பேசும் உறவுகளும் பெரும்பாலானோரைத் தாங்கிப்பிடிக்கப் போதும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டின்படி ஆறு மாதம் தாண்டியும், அமெரிக்க வகைப்பாட்டின்படி பெரியவர்களுக்கு ஓராண்டு தாண்டியும் ஏக்கம் தணியாமல், அன்றாட வேலையே நடக்காமல் இருந்தால் அது நீடித்த துக்கம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

சேர்த்துவைப்பது சிகிச்சை அல்ல

கணவன் மனைவிப் பிரச்சினையில் கவனமாக இருக்க வேண்டும். குடும்ப நீதிமன்றங்களில் ஆலோசகர்கள் உண்டு. 1992இல் தமிழ்நாட்டில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியதிலிருந்து அங்கும் கவுன்சலிங் என்ற பெயரில் பேச்சுவார்த்தை நடக்கிறது. அவற்றின் நோக்கம் பெரும்பாலும் சமரசம். உளச்சிகிச்சைக்கு அப்படி முன்கூட்டிய முடிவு கிடையாது. சேர்ந்து வாழ்வதானாலும் பிரிவதானாலும் இருவரும் தெளிவோடு முடிவெடுக்க உதவுவதே அதன் வேலை.

அடி இருக்கும் வீடு என்றால் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவே கூடாது. அறையில் மனைவி சொன்னதற்கு வீட்டில் தண்டனை கிடைக்கும். அதனால்தான் நல்ல ஆலோசகர் முதலில் இருவரையும் தனித்தனியாகப் பார்த்து, "அவர் கை நீட்டியதுண்டா, அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறதா" என்று கேட்கிறார். ஆம் என்றால் கூட்டு அமர்வு நிற்கும், பாதுகாப்புத் திட்டம் தொடங்கும். பெண்களுக்கான உதவி எண் 181.

கடனும் அப்படித்தான். சுயஉதவிக்குழுக் கடன் வசூலுக்கு ஆள் வாசலில் நிற்கும்போது "பாசிட்டிவாக யோசியுங்கள்" என்பது கொடுமை. உலக சுகாதார நிறுவனம் நெருக்கடிச் சூழல்களுக்காக உருவாக்கிய ஐந்து அமர்வுத் திட்டம் ஒன்றில் பிரச்சினைகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: தீர்க்கக்கூடியவை, தீர்க்க முடியாதவை, முக்கியமில்லாதவை. தீர்க்கக்கூடியதில் ஒன்றை மட்டும் எடுத்து, தோன்றும் வழிகளையெல்லாம் நல்லது கெட்டது பார்க்காமல் எழுதி, அதில் ஒன்றைத் தேர்ந்து, அதைச் சிறு அடிகளாக்கி நாள் குறிப்பது. மொத்தக் கடனும் தீராது. ஆனால் எந்தக் கடனை முதலில் பார்ப்பது, இலவச சட்ட உதவி மையத்துக்கு எந்த நாள் போவது, மாமாவிடம் என்ன வார்த்தையில் கேட்பது என்பதெல்லாம் தீரக்கூடியவை. அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவது ஆலோசனையின் வேலை ஆகிவிடக் கூடாது.

பலன் உண்டா, எவ்வளவு

பேசினால் குணமாகுமா என்ற சந்தேகம் துறைக்குள்ளேயே எழுந்தது. 1952இல் உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், சிகிச்சை இல்லாமலேயே மூன்றில் இரண்டு பங்கினர் இரண்டு ஆண்டுகளில் தேறிவிடுகிறார்கள் என்று எழுதி அதிர்ச்சி கொடுத்தார். அந்தக் கேள்வியே ஒழுங்கான ஆய்வுகளுக்கு வழிவிட்டது. 1977இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 75 சதவீதத்தினரைவிட நல்ல நிலையில் இருந்தார். எட்டு அமர்வுகளுக்குள் ஏறத்தாழ பாதிப்பேருக்கும், 26 அமர்வுகளுக்குள் முக்கால்வாசிப் பேருக்கும் முன்னேற்றம் தெரிகிறது என்று 1986இல் இன்னொரு தொகுப்பு காட்டியது. இரண்டே அமர்வில் நிறுத்துகிறவர் மருந்தின் முதல் வேளையோடு நிறுத்துகிறார்.

எந்த முறை என்பதைவிட, ஆலோசகரோடு ஏற்படும் பிணைப்பும், எதை நோக்கிப் போகிறோம், என்ன செய்யப்போகிறோம் என்பதில் இருவருக்கும் உள்ள உடன்பாடும் பலனை முன்கூட்டியே காட்டுகின்றன. பீதி, ஒரே எண்ணமும் செயலும் விடாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணச் சுழற்சி நோயான ஓசிடி போன்றவற்றில் மட்டும் முறையும் மிக முக்கியம். ஓசிடிக்கு மாதக்கணக்கில் குழந்தைப்பருவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது காலவிரயம்.

மோசமாகிறவர்களும் உண்டு, நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை. பேரிடர் நடந்த சூட்டோடு எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் ஒற்றை அமர்வு முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது பின்விளைவைத் தடுக்கவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்தது என்று தெரிந்தபின் கைவிடும்படி வழிகாட்டுதல்கள் வந்தன. இன்று பேரிடரில் முதலில் தருவது உணவு, இடம், காணாமல்போன உறவுகளைப் பற்றிய செய்தி, பேச விரும்புகிறவருக்குக் காது.

மருந்தோடு சேர்த்தே போக வேண்டிய நிலைகளும் உண்டு. காதில் குரல் கேட்பது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை, நாட்கணக்கில் தூங்காமல் மிதமிஞ்சிய உற்சாகம், சாப்பிடவும் எழவும் முடியாத மனச்சோர்வு ஆகியவற்றுக்கு மனநல மருத்துவரே முதல் வாசல். "மாத்திரையெல்லாம் நிறுத்திடுங்க, பேசியே சரி பண்ணிடலாம்" என்று ஆலோசகர் ஒருவர் சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

ஒரே அமர்வில் ஹிப்னாடிசத்தில் குணம் என்பவரும், சாதி, மதம், நடத்தை பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரும், அமர்வுக்கு வெளியே தனிப்பட்ட நெருக்கம் தேடுபவரும் ஒதுக்கப்பட வேண்டியவர்கள். தன்பால் ஈர்ப்பை "மாற்றித்தருகிறேன்" என்பவரும்தான். 2021இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஈர்ப்பை மாற்ற முயலும் அத்தகைய சிகிச்சைகளைத் தடைசெய்து உத்தரவிட்டார். அந்த வழக்கைப் புரிந்துகொள்ளத் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்வுக்குப் போனதாக அவர் பதிவு செய்திருக்கிறார்.

எங்கே போவது, எப்போது நிறுத்துவது

தனியாரில் ஓர் அமர்வுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து சில ஆயிரம் வரை ஆகும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இலவசம். கூட்டம் அதிகம், ஐம்பது நிமிடம் கிடைப்பது கடினம், ஆனால் சரியான நோயறிதலும் மருந்தும் கிடைக்கும். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். 104 தமிழக அரசின் மருத்துவ உதவி எண், தேர்வு முடிவு நாட்களில் மாணவர்கள் பலர் அழைப்பது இதைத்தான். 1986இல் தொடங்கிய சிநேகாவில் பேசுகிறவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். அவர்கள் தருவது தோழமை, சிகிச்சை அல்ல. தாங்க முடியாத ஓர் இரவைக் கடக்க அது போதும்.

தொடங்கியபின் நான்கு முதல் ஆறு அமர்வுகளில் சிறு மாற்றமாவது தெரிய வேண்டும். அந்த ஒன்பது கேள்வித் தாளைச் சில வாரத்துக்கு ஒருமுறை மறுபடி நிரப்பினால் எண்ணே சொல்லும். அசையவில்லை என்றால் சொல்லாமல் நின்றுவிடாமல், "எனக்கு ஒண்ணும் மாறலைங்க" என்று அறையிலேயே சொல்லிவிட வேண்டும். ஐந்தில் ஒருவர் சொல்லாமலே பாதியில் நின்றுவிடுவதால், திருத்திக்கொள்ளும் வாய்ப்பு ஆலோசகருக்கும் கிடைப்பதில்லை. முறையை மாற்றலாம், மருந்து சேர்க்கலாம், வேறொருவரிடம் அனுப்பலாம்.

தேறி வருகிறவருக்கு அமர்வுகள் வாரம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு மாதம் ஒன்று என்று இடைவெளி கூடும். கடைசி அமர்வுகளில் ஒரு பக்கம் எழுதவைப்பார்கள், அவர் கையெழுத்திலேயே. மறுபடி சரிய ஆரம்பித்தால் முதலில் தெரிவது என்ன: போனை எடுக்காமல் விடுவதா, குளிக்காமல் இருப்பதா, நள்ளிரவு வரை விழித்திருப்பதா. அப்போது முதல் வாரம் செய்ய வேண்டிய இரண்டு காரியங்கள் எவை. யாரிடம் சொல்வது. எத்தனை நாள் பார்த்துவிட்டு மறுபடி வருவது. மனச்சோர்வு திரும்பி வரக்கூடிய நோய் என்பதால், இந்தப் பக்கம் இல்லாமல் ஆலோசனையை முடித்துக்கொள்ளக் கூடாது. ஆலோசகர் தரவில்லை என்றால் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.